வீக்கம் வடிவதும் ஒரு வேலை

கால் இடறி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டால், அது ஏன் வீங்கிற்று என்று கேட்க நாம் ஒவ்வொருவரும் தயாராயிருக்கிறோமே தவிர, நாலைந்து நாளில் அந்த வீக்கம் வடிந்து, சிவப்பு மாறி, சூடு தணிந்து, கால் பழையபடி காலாகிவிடும்போது, அது ஏன் வடிந்தது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. வந்தது போயிற்று என்று இருந்துவிடுகிறோம். சாமானிய மனிதர் மட்டுமல்ல, வைத்திய சாஸ்திரமும் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷ காலம் அப்படித்தான் இருந்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய ஆசிரியரான செல்ஸஸ், சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அழற்சிக்கு நான்கு லட்சணங்களை எழுதி வைத்தார்; அவருக்குப் பின் வந்தவர்கள் அந்நான்கும் எவ்வாறு உண்டாகின்றன என்று தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தார்கள்; உண்டானவை எவ்வாறு மறைகின்றன என்ற கேள்வியைத் தம் ஆயுள் வேலையாக எடுத்துக்கொள்ளும் விஞ்ஞானி ஒருவர் தோன்றுவதற்கு இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பெயர் சார்லஸ் செர்ஹான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் பல்லாண்டுகளாக ஆராய்ச்சி நடத்திவருபவர்.

அவருடைய வேலையின் அருமை விளங்கவேண்டுமானால், அழற்சி என்றால் என்ன என்பதைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்த்துக்கொள்வது நலம். 1882-ஆம் வருஷத்தில் ஸிஸிலித் தீவின் மெஸினா நகரில் தங்கியிருந்த இலியா மெட்சினிகாஃப் என்ற ருஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போல் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் உடலையுடைய நட்சத்திர மீனின் இளம் குஞ்சு ஒன்றில் ரோஜா முள்ளைச் செருகிவைத்து, மறுநாள் காலையில் நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அந்த முள்ளை அணுக்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டிருக்கக் கண்டார். அதுவே அழற்சியின் சாரம். அந்நியப் பொருளோ கிருமியோ உள்ளே புகுந்த இடத்தை நோக்கிச் சரீரத்தின் காவல் அணுக்கள் விரைகின்றன. அவை போய்ச் சேர்வதற்காக ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர்கள் இளகி நீர் கசிகிறது, அதனால் வீக்கம். நம் ரத்தத்தில் இப்படி முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளை அணுக்கள். கிருமியைக் கொல்லத் தக்க கடுமையான ரசாயனங்களையும் நொதிகளையும் அவை வயிற்றில் சுமந்து வருகின்றன. அந்த ரசாயனத்துக்குக் கிருமி என்றும் தன் வீட்டுத் திசு என்றும் பேதம் தெரியாது. ஆகையால் காவலுக்கு வந்தவர்கள் வேலை முடிந்தும் போகாமல் தங்கிவிட்டால், திருடன் செய்வதைவிட அதிக நஷ்டம் காவலராலேயே விளைகிறது. நாள்பட்ட வியாதிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

காவலர் எப்படிக் கலைகிறார்கள் என்பதற்குப் பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்த பதில் மிகவும் எளியது. விறகு தீர்ந்தால் அடுப்பு தானே அணைந்துவிடுவதைப்போல, அழற்சியை மூட்டும் ரசாயனங்கள் நீர்த்துப்போனால் அழற்சி தானே அடங்கிவிடும் என்றார்கள். செர்ஹான் நிலைநாட்ட முயன்றதெல்லாம், அடுப்பு தானே அணைவதில்லை, யாரோ வந்து தண்ணீர் தெளித்து அணைக்கிறார்கள் என்பதே.

இந்தக் கதை நுரையீரலில் ஆரம்பிக்கிறது. அதுவும் ஒரு பாம்பின் விஷத்தில். 1938-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் சார்லஸ் கெல்லவே என்பவரும், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தவுடன் உத்தியோகம் பறிக்கப்பட்டு ஜெர்மனியிலிருந்து வெளியேறிய வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் என்பவரும் சேர்ந்து, கினிப்பன்றியின் நுரையீரலுக்குள் நாகப்பாம்பின் விஷம் கலந்த திரவத்தைச் செலுத்தி, வெளியே வரும் திரவத்தை ஒரு குடல் துண்டின் மேல் சொட்டவிட்டுப் பார்த்தார்கள். குடல் சுருங்கிற்று. ஹிஸ்டமின் என்னும் பொருள் குடலைச் சுருக்கும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்; ஆனால் ஹிஸ்டமினால் வரும் சுருக்கம் சட்டென்று வந்து சட்டென்று போய்விடுவது; இதுவோ மெதுவாக வந்து நெடுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நுரையீரல் வேறு எதையோ சுரக்கிறது என்பது தெளிவாயிற்று. அது என்னவென்று தெரியாமலே, மெதுவாக வினைபுரியும் பொருள் என்று அதற்கு ஒரு தற்காலிகப் பெயர் வைத்தார்கள். ஒவ்வாமையால் நுரையீரல் தாக்குண்டபோதும் அதே பொருள் வெளிப்படுவதைக் கெல்லவே 1940-இல் கண்டார். ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக் குழல் இறுகி இளைப்பு வருவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எல்லோரும் சந்தேகித்தார்கள். ஆயினும் அதன் ரசாயன உருவத்தைக் காண நாற்பது வருஷம் பிடித்தது. அவ்வளவு சொற்ப அளவில் தோன்றி, அவ்வளவு சீக்கிரத்தில் சிதைந்துபோகும் பொருள் அது.

1979-இல் அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில், கரோலின்ஸ்கா நிலையத்தில் வேலை செய்த பெங்க்ட் சாமுவேல்சன். அணுக்களின் மேலுறையில் தங்கியிருக்கும் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து உண்டாகும் ஒரு குடும்பப் பொருள்கள் அவை என்று கண்டு, லூக்கோட்ரையீன் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். அவற்றில் சில மூச்சுக் குழலை இறுக்குவதில் ஹிஸ்டமினைக் காட்டிலும் ஏறக்குறைய 1,000 மடங்கு வலிமை வாய்ந்தவை. வேறொன்று நியூட்ரோஃபில்களைக் கூவி அழைக்கும் வேலையைச் செய்வது. ஆஸ்பிரின் மாத்திரை எவ்வாறு வலியைத் தணிக்கிறது என்பதை 1971-இல் விளக்கிய இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் வேன், சாமுவேல்சனின் ஆசிரியர் சூனே பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகிய மூவருக்கும் 1982-ஆம் வருஷத்திய நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. லூக்கோட்ரையீனின் வினையைத் தடுக்கும் மருந்துகளில் ஒன்றான மான்டிலுகாஸ்ட் 1998-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இன்று நம் நாட்டு மருந்துக் கடைகளில் அலர்ஜி மாத்திரையோடு கூட்டுச் சேர்த்து அன்றாடம் விற்பனையாகும் மருந்து அதுவே. மெல்போர்ன் பாம்பு விஷத்துக்கும் நம் வீட்டு அலமாரி மாத்திரைப் பட்டைக்கும் உள்ள தூரம் அறுபது வருஷம்.

இந்த ஸ்டாக்ஹோம் பரிசோதனைச்சாலைக்கு, நியூயார்க்கில் படிப்பை முடித்துக்கொண்டு, நோபல் பரிசுக்குச் சற்று முன்னதாக வந்து சேர்ந்தவர் செர்ஹான். எல்லோரும் அழற்சியை மூட்டும் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்த இடத்தில், 1984-இல் அவரும் சாமுவேல்சனும் மாட்ஸ் ஹாம்பெர்க் என்பவரும் சேர்ந்து லிப்பாக்சின் என்ற புதிய பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதே அராகிடோனிக் அமிலத்திலிருந்து, லூக்கோட்ரையீனுக்கு உடன்பிறந்தது போல் உருவாவது. ஆனால் குணத்தில் நேர் எதிர். லூக்கோட்ரையீன் அழைத்த நியூட்ரோஃபில்களை லிப்பாக்சின் வரவொட்டாமல் நிறுத்திற்று. லிப்பாக்சினைப் பெரும்பாலும் தனியொரு அணு தானாகவே செய்துகொள்வதில்லை என்பது இதில் இன்னொரு விசேஷம். நியூட்ரோஃபில் பாதி செய்து கொடுத்ததை, பக்கத்தில் இருக்கும் ரத்தத் தட்டணு வாங்கி மீதியைச் செய்து முடிக்கிறது. இரண்டு அணுக்கள் நெருங்கி உறவாடும் இடத்தில்தான் சமாதானத்தின் ரசாயனம் பிறக்கிறது.

அடங்குவதற்கென்று சரீரத்தில் ஒரு தனிப் பொருள் இருக்கிறது என்றால், அது எப்போது, யாருடைய உத்தரவின்பேரில் உற்பத்தியாகிறது? இதற்குக் கிடைத்த பதில்தான், என் அபிப்பிராயத்தில், இந்த ஆராய்ச்சி முழுவதிலும் மிக ரஸமான பகுதி. பாஸ்டனில் தம் சொந்தப் பரிசோதனைச்சாலையை அமைத்துக்கொண்ட செர்ஹானும், புரூஸ் லெவி முதலிய அவருடைய சகாக்களும், சுண்டெலியின் முதுகுத் தோலின் கீழ் காற்றைச் செலுத்திச் சிறு பை ஒன்றை உண்டாக்கி, அதில் அழற்சியைக் கிளப்பி, மணிக்கு மணி அந்தப் பையில் ஊறும் திரவத்தை எடுத்துச் சோதித்தார்கள். முதலில் லூக்கோட்ரையீனும், வலியையும் வீக்கத்தையும் தரும் புராஸ்டகிளாண்டினும் உயர்ந்தன, நியூட்ரோஃபில்கள் குவிந்தன, பிறகு அவை இறங்க, லிப்பாக்சின் ஏறிற்று. இந்த மாற்றத்தைத் தூண்டியது எது என்று பார்த்தால், அழற்சியை மூட்டிய அந்தப் புராஸ்டகிளாண்டினே, லிப்பாக்சினை உண்டாக்கும் நொதியைத் தயார் செய்யும்படி நியூட்ரோஃபில்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறது! 2001-இல் வெளியான இந்த முடிவு, அழற்சியின் ஆரம்பத்திலேயே அதன் முடிவும் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டிற்று.

இதற்கு இரண்டு வருஷம் முன்பாகவே லண்டனில் டெரக் கில்ராய் என்பவரும் அவருடைய தோழர்களும் வேறு வழியாக இதே வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். எலியின் நுரையீரல் உறையில் அழற்சியை உண்டாக்கி, நாம் வலிக்கு விழுங்கும் மாத்திரைகளின் ஜாதியைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது மணியில் அழற்சி குறைந்தது. எல்லோரும் எதிர்பார்த்தது அதுதான். ஆனால் தானாகவே அடங்கவேண்டிய 48-ஆவது மணியில், மருந்து உண்ட எலிக்கு அழற்சி கூடுதலாயிருந்தது. மூட்டும் ரசாயனத்தைத் தடுத்தபோது அணைக்கும் ரசாயனத்தையும் சேர்த்துத் தடுத்துவிட்டார்கள். எலிக்குக் கண்டது மனிதருக்கும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அழற்சியை அமுக்குவதும் அழற்சியை முடித்துவைப்பதும் இரண்டு வேறு காரியங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பரிசோதனை வேண்டியதில்லை. ஆஸ்பிரின் மட்டும் இதற்கு ஒரு விதிவிலக்கு. அது தடுக்கும் நொதியையே சற்று உருமாற்றி, லிப்பாக்சினைப் போன்ற வேறொரு பொருளை உண்டாக்கும்படி திருப்பிவிடுகிறது என்பதை செர்ஹானும் ஹோவான் கிளாரியாவும் 1995-இல் கண்டார்கள்.

முடித்துவைப்பது என்றால் நியூட்ரோஃபில்களின் வரவை நிறுத்துவதோடு தீர்ந்துவிடுவதில்லை. வந்தவற்றை அப்புறப்படுத்தவும் வேண்டும். நியூட்ரோஃபில் அற்பாயுசு உடையது. அது வெடித்துச் சிதறினால் அதன் நஞ்செல்லாம் திசுவில் கொட்டிவிடும். ஆகவே அது தன்னைத்தானே ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டு இறக்க, மாக்ரோஃபேஜ் என்னும் பெரிய அணு வந்து அதைச் சிந்தாமல் விழுங்கிவிடுகிறது. இதை 1989-இல் ஜான் சாவில், கிறிஸ்டோபர் ஹாஸ்லெட் முதலிய பிரிட்டிஷ் மருத்துவர்கள் நிரூபித்தார்கள். லிப்பாக்சின் மாக்ரோஃபேஜின் இந்தப் பசியைத் தூண்டுகிறது. 2000 முதல் 2002 வரையில் செர்ஹானின் குழுவினர் மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களிலிருந்து இதே போன்ற வேலையைச் செய்யும் மற்றொரு குடும்பத்தைக் கண்டு அதற்கு ரிசால்வின் என்று பெயரிட்டார்கள். பின்னர் புரோடெக்டினும், 2009-இல் மாரெசினும் வந்து சேர்ந்தன. மத்தி, கானாங்கெளுத்தி முதலிய கொழுத்த கடல் மீன்களில் நிறைந்திருக்கும் அமிலங்கள்தாம் இவற்றுக்கு மூலப்பொருள்.

நுரையீரலுக்கு இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மற்ற உறுப்புகளைப்போல் அதனால் வீங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. காற்றறையின் சுவர் ரத்தமும் காற்றும் பிராணவாயுவைப் பரிமாறிக்கொள்வதற்காக மிக மெல்லியதாய் அமைந்தது. அதில் நீர் கசிந்து நியூட்ரோஃபில்கள் நிறைந்துவிட்டால் மனிதன் காற்றின் நடுவிலேயே மூழ்குகிறான். இந்த நிலையை 1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளிடம் கண்டு எழுதினார்கள். கொரோனாக் காலத்தில் அது எல்லா நாட்டு மருத்துவமனைகளிலும் நிறைந்திருந்ததை நாம் பார்த்தோம். அப்போது டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே சாவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020-இல் இங்கிலாந்தில் நிரூபணமாயிற்று. அது அமுக்கும் மருந்து. அந்தச் சமயத்தில் அமுக்குவதே உயிர் காத்தது என்பதையும் மறக்கலாகாது. ஆஸ்துமாவில், லிப்பாக்சினைப் போலச் செய்யப்பட்ட பொருள் சுண்டெலியின் மூச்சுக் குழல் இறுக்கத்தைக் குறைப்பதை லெவி 2002-இல் காட்டினார். ஆரோக்கியமானவர்களின் வெளிமூச்சின் ஈரத்தில் காணப்படும் புரோடெக்டின், ஆஸ்துமா முற்றியவர்களிடம் குறைந்திருக்கிறது என்று அவருடைய குழு 2007-இல் எழுதிற்று. மூச்சுக் குழலில் சளி கெட்டியாகித் தேங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை வியாதியிலும் லிப்பாக்சின் குறைவு என்று 2004-இல் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. ஆகவே, அழற்சி அதிகமாய் மூண்டதனால் மட்டுமன்றி, அணைக்க ஆளில்லாததனாலும் நுரையீரல் வியாதி வரக்கூடும் என்பது இவர்கள் கட்சி.

மூளைக்கு வருவோம். அங்கே அழற்சி வேறு முகம் காட்டுகிறது. சிவப்பும் வீக்கமும் கண்ணுக்குத் தெரிவதில்லை, வலிகூட இல்லை. மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோக்ளியா என்ற காவல் அணுக்களை 1919-இல் ஸ்பெயின் தேசத்து பியோ தெல் ரியோ ஓர்தேகா இனம் கண்டு விவரித்தார். அவை கிளர்ச்சியுற்று அடங்காதிருப்பது அல்ஸைமர் வியாதி முதலிய பலவற்றில் காணப்படுகிறது. அப்படியானால் அழற்சியை அமுக்கும் மாத்திரை கொடுத்தால் மறதி நோயைத் தடுக்கலாமே என்று நினைத்து நப்ராக்சன், செலகாக்சிப் என்ற இரண்டு மருந்துகளை முதியோருக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கப் பரிசோதனை பயன் தரவில்லை. முடித்துவைக்கும் பொருள்களின் பக்கம் பார்த்தால், மீன் எண்ணெயின் அமிலங்களில் டி.எச்.ஏ. என்பது மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் ஏராளமாய்ச் சேர்ந்திருப்பது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் நிக்கோலாஸ் பஸான், செர்ஹானோடு சேர்ந்து, ரத்த ஓட்டம் தடைப்பட்ட மூளையில் இந்த அமிலத்திலிருந்து ஒரு காப்புப் பொருள் உருவாவதை 2003-இல் கண்டார். நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் அந்தப் பொருள் அல்ஸைமர் நோயாளிகளிடம் குறைந்திருப்பதாக 2005-இல் பஸானின் குழு தெரிவித்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முதியவர் சிலர் புத்தி தடுமாறிப்போவதை நம்மில் பலர் நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். சுண்டெலிகளுக்கு ஆபரேஷன் செய்து, ரிசால்வின் கொடுத்தால் அந்த ஞாபகக் குறைவு தடுக்கப்படுகிறது என்று நிக்கோலோ டெர்ராண்டோவும் மற்றவர்களும் 2013-இல் காட்டினார்கள். மிகச் சிறிய அளவு ரிசால்வின், சுண்டெலியின் முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டபோது அழற்சி வலியைத் தணித்ததை ரூ-ரோங் ஜி என்பவர் 2010-இல் வெளியிட்டார்.

மேலே சொன்னவற்றுள் எத்தனை வாக்கியங்களில் சுண்டெலி வருகிறது என்பதை வாசகர் கவனித்திருப்பார். இந்த ஆராய்ச்சியின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. மனிதரின் ரத்தத்தில் இந்தப் பொருள்கள் உண்மையாகவே வேலை செய்யத்தக்க அளவில் இருக்கின்றனவா, அல்லது கருவியின் இரைச்சலைப் பொருள் என்று எண்ணிவிட்டார்களா என்று கொழுப்பு ரசாயன நிபுணர்கள் சிலர் 2022-இல் பகிரங்கமாகவே கேட்டார்கள், செர்ஹானின் பக்கத்தவர்கள் மறுத்தார்கள், விவாதம் ஓயவில்லை. மூலப்பொருளையாவது கொடுத்துப் பார்ப்போம் என்று செய்தவையும் கைகொடுக்கவில்லை. நுரையீரல் கடுமையாகச் சேதமுற்ற 272 பேரை வைத்து நடந்த அமெரிக்கப் பரிசோதனை ஒன்றில், ஒமேகா-3 அடங்கிய ஆகாரச் சத்துக் கலவை கொடுக்கப்பட்டவர்கள் சுவாசக் கருவியின்றி இருந்த நாட்கள் கூடுவதற்குப் பதில் குறைந்தன. 2011-இல் முடிவு வெளியான அந்தப் பரிசோதனையைப் பயனில்லை என்று பாதியிலே நிறுத்திவிட்டார்கள். அல்ஸைமர் நோயாளிகள் 402 பேரைச் சேர்த்து, 18 மாதம் டி.எச்.ஏ. கொடுத்துப் பார்த்ததிலும் அறிவாற்றல் குன்றும் வேகம் குறையவில்லை என்று 2010-இல் தெரிந்தது. மூலப்பொருளைக் கொட்டினால் உடல் வேண்டியதைச் செய்துகொள்ளும் என்பது ஆசை. நொதிகள் இடம், காலம், அளவு பார்த்துத்தான் வேலை செய்கின்றன.

காட்லிவர் எண்ணெயை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு, இன்று அதன் உறவினமான மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் மூளைக்கும் மூட்டுக்கும் மூச்சுக்கும் நல்லது என்று கவர்ச்சியான டப்பாவில் வருவது வேடிக்கையாகவே இருக்கும். டப்பாவின் வாசகங்களுக்கு செர்ஹானின் கண்டுபிடிப்பைச் சாட்சி கூப்பிடுகிறார்கள். அந்தச் சாட்சி அவ்வளவு தூரம் சொல்லவில்லை. அதிக அளவில் ஒமேகா-3 உட்கொள்வது சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதும் தெரியவந்திருக்கிறது. இதனால் செர்ஹானின் வேலை வீண் என்று நான் சொல்லவில்லை. அழற்சி அடங்குவது ஒரு செயல் என்ற அவருடைய மூலக் கருத்தை, அவருடைய பொருள்களின் அளவைச் சந்தேகிப்பவர்களும் மறுக்கவில்லை. நியூட்ரோஃபில் எப்படி வெளியேறுகிறது, மாக்ரோஃபேஜ் எப்படி விழுங்குகிறது என்ற கேள்விகள் இன்று உலகமெங்கும் ஆராயப்படுவதற்கு அவர் போட்ட பாதை ஒரு முக்கியக் காரணம். கருத்து வென்றுவிட்டது, மருந்துதான் இன்னும் வரவில்லை.

நுரையீரலும் மூளையும் ஒரே ரசாயனக் குடும்பத்தின் ஆளுகைக்கு உட்பட்டவையாக இருக்கலாம் என்று எண்ணத் தூண்டும் ஓர் எச்சரிக்கையும் கிடைத்திருக்கிறது. முன்னே சொன்ன மான்டிலுகாஸ்ட் மாத்திரையால் சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை உண்டாகக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020 மார்ச்சில் தன் கடுமையான எச்சரிக்கையை அம்மருந்தின் சீட்டில் கட்டமிட்டு அச்சிடச் செய்தது. மூக்கொழுகலுக்கும் தும்மலுக்கும், வேறு மருந்து போதுமானபோது, இதைத் தவிர்ப்பது நல்லது என்றும் சொல்லிற்று. ஆகையால் இளைப்பு உள்ள வாசகர்கள் மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை மீன் எண்ணெயை நம்பி நிறுத்திவிட வேண்டாம்; மான்டிலுகாஸ்ட் உண்ணும் குழந்தை இரவில் திடீரென்று அலறி எழுந்தாலோ, பெரியவர் காரணமின்றி மனம் வாடியிருந்தாலோ, அது என்ன சாதாரண அலர்ஜி மாத்திரைதானே என்று இருந்துவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.